லினக்ஸ் சர்வரில் தனித்தனி பார்ட்டிஷன்: எத்தனை சுவர், எங்கே?

தக்கலைப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு லினக்ஸ் சர்வர் அமைக்கப் போகிறவர் கேட்டிருக்கிறார். கையில் இருப்பது 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுதான். அவரிடம் இருக்கும் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் /டெம்ப், /வார், /வார்/டெம்ப், /வார்/லாக், /வார்/லாக்/ஆடிட், /ஹோம் என்று ஆறு தனிப் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் ஆறு தனிப் பாகங்கள், கேட்கிறது. /டெம்ப்பும் /வார்/டெம்ப்பும் தற்காலிகக் கோப்புகளுக்கு, /வார் மாறிக்கொண்டே இருக்கும் தரவுக்கு, /வார்/லாக் நிரல்கள் எழுதும் பதிவுகளுக்கு, /ஹோம் பயனர்களின் கோப்புகளுக்கு. கூட வேலை செய்யும் நண்பரோ, "அதெல்லாம் பழைய காலத்துப் பழக்கம், ஒரே பார்ட்டிஷன் போதும்" என்கிறார். யார் சொல்வது சரி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஜிபி கொடுப்பது என்பது கேள்வி. அளவைத்தான் கேட்டிருக்கிறார் என்றாலும், அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இந்தச் சுவர்கள் உண்மையில் எதைத் தடுக்கின்றன? அளவு தப்பிப்போனால் பிறகு இடித்துக் கட்ட முடியுமா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் ஜிபி கணக்கு தானாக வந்துவிடும்.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்து வருகிறேன். முந்திரி ஆலை, நகைக்கடை, பள்ளிக்கூடம், ரப்பர் வியாபாரி என்று எல்லாவிதமும் உண்டு. பெரிய டேட்டா சென்டரில் வேலை பார்த்ததில்லை. ஆகவே நான் சொல்வது, ஒரு அறையின் மூலையில் யுபிஎஸ்ஸை நம்பி நிற்கும் ஒற்றைப் பெட்டிக்குப் பொருந்தும். உங்கள் தணிக்கையாளர் எதை ஏற்பார், எதைத் திருப்பி அனுப்புவார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஐயத்துக்கு இடமில்லாத பயனை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு இடம் நிரம்பினால் மற்ற இடங்கள் நிரம்பாது, அவ்வளவுதான். கேட்க அற்பமாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில் எனக்கு நடந்ததைச் சொன்னால் அற்பமாகத் தெரியாது. ஒரு அலுவலகத்தின் சர்வரில் எல்லாமே ஒரே பார்ட்டிஷன். அப்படிப் போட்டுக் கொடுத்தவன் நானேதான். வெள்ளிக்கிழமை மாலை அறையைப் பெருக்கியவர் யுஎஸ்பியில் மாட்டியிருந்த ஒரு சாதனத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சாதனத்தைக் கண்காணிக்கும் ஒரு சின்ன நிரல், மூச்சு விடாமல் அதைத் தேடித் தேடி, கிடைக்காத ஒவ்வொரு முறையும் லாக் கோப்பில் ஒரு புகார் எழுதிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை காலை பில் போட முடியவில்லை. டேட்டாபேஸ் எழுத இடமின்றி நின்றுபோயிருந்தது. வைரஸ் வந்துவிட்டது என்று எனக்குப் போன் வந்தது.

மழையில் வண்டி எடுக்கச் சோம்பல்பட்டு, அங்கிருந்த பையனைப் போனிலேயே அந்த லாக் கோப்பை அழிக்கச் சொன்னேன். அழித்தான். டிஸ்க்கில் மிச்ச இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைத் தட்டச் சொன்னால் இன்னும் 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றே காட்டியது. லினக்ஸில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயர்தான் முதலில் போகும். ஏதாவது ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை அது பிடித்திருந்த இடம் திரும்பக் கிடைக்காது. அந்த நிரலை நிறுத்திய பிறகுதான் டிஸ்க்குக்கு மூச்சு வந்தது. அழித்தும் திறந்தே கிடக்கும் இப்படிப்பட்ட கோப்புகளை எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு +எல்1 என்று சேர்த்துக் கொடுத்தால் பட்டியலிடும். அன்று அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. /வார்/லாக் மட்டும் 10 ஜிபி தனி இடமாக இருந்திருந்தால் லாக் எழுதுவது நின்றிருக்கும். பில் போடுவது நின்றிருக்காது.

இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென, அதாவது முழு அதிகாரம் உள்ள நிர்வாகிக் கணக்குக்கென, ஒதுக்கி வைக்கும், அது காப்பாற்றாதா என்று சிலர் கேட்பார்கள். சாதாரணப் பயனர் நிரப்பினால் காப்பாற்றும். ரூட் உரிமையில் ஓடும் நிரல் அந்த 5 சதவீதத்தையும் சேர்த்தே தின்றுவிடும். என் கதையில் வரும் நிரல் ரூட்டாகத்தான் ஓடியது.

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளில் சாப்பாட்டு நெல் பத்தாயத்தில் இருக்கும். விதைநெல்லை மட்டும் வைக்கோல் சுற்றிக் கோட்டையாகக் கட்டித் தனியே வைப்பார்கள். பத்தாயம் காலியானாலும் கோட்டையில் யாரும் கை வைக்கமாட்டார்கள். உங்கள் கூடத்தில் விதைநெல் எது என்று யோசித்துப் பாருங்கள். நோயாளிகளின் முடிவுகள் இருக்கும் டேட்டாபேஸ்தான். ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள ஆறு பெயர்களில் அது இல்லை! டேட்டாபேஸ் இருப்பது /வார்/லிப்புக்குள். பட்டியலை அப்படியே பின்பற்றினால் அது /வாரோடு ஒட்டிக்கொண்டு, மென்பொருள் புதுப்பிப்புகளின் இறக்கங்களோடும் கேஷ் கோப்புகளோடும் இடத்துக்குப் போட்டி போடும். என் கருத்தில் முதல் தனி இடம் டேட்டாபேஸுக்கு, இரண்டாவது /வார்/லாக்குக்கு. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு.

/வார்/லாக்/ஆடிட் ஏன் தனியாக என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று பதிவு செய்யும் ஆடிட் சேவை, தன் பதிவுகள் இருக்கும் பார்ட்டிஷனில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் எச்சரிக்கும், நீங்கள் அப்படி அமைத்திருந்தால் சிஸ்டத்தையே நிறுத்திவிடும். அதே பார்ட்டிஷனில் மற்ற லாக்குகளும் இருந்தால், வெளியிலிருந்து ஒருவன் சும்மா தவறான கடவுச்சொற்களைத் தட்டித் தட்டியே லாக்கை நிரப்பி ஆடிட்டை முடக்கலாம். ஆடிட் சேவையை நீங்கள் ஓட்டப்போவதே இல்லை என்றால் இந்தச் சுவருக்கும் வேலை இல்லை.

இரண்டாவது பயன், மவுண்ட் செய்யும்போது, அதாவது ஒரு பார்ட்டிஷனை ஒரு அடைவோடு இணைக்கும்போது, சேர்க்கும் கட்டுப்பாடுகள். தனி இடமாக இருந்தால் அதற்கென்று தனி விதி போடலாம். நோடெவ் என்றால் அங்கே இருக்கும் சாதனக் கோப்புகள் செல்லாது. நோசூயிட் என்றால், ஓட்டுபவரின் உரிமையை மீறி உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் சூயிட் குறி அங்கே வேலை செய்யாது. /டெம்ப், /வார்/டெம்ப், /ஹோம் மூன்றிலும் இவை இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். நான் பார்த்த எந்த அலுவலகத்திலும் இவற்றால் ஒரு வேலையும் கெட்டதில்லை.

மூன்றாவது விதியான நோஎக்ஸெக்தான் விவாதத்துக்கு உரியது. அந்த இடத்தில் இருக்கும் நிரலை நேரடியாக ஓட்ட விடாது என்பது அதன் வாக்குறுதி. ஆனால் ஷெல் நிரலுக்கோ பைத்தானுக்கோ அந்தக் கோப்பைப் படிக்கக் கொடுத்தால் அது பாட்டுக்கு ஓடும். டிஸ்க்கையே தொடாமல் நினைவகத்தில் கோப்பை உருவாக்கி அங்கிருந்து ஓட்டும் வசதியும் 2014-இல் வந்த 3.17 கர்னலிலிருந்து (கர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி) லினக்ஸில் இருக்கிறது. ஆகவே விவரம் தெரிந்த ஆளை நோஎக்ஸெக் நிறுத்தாது. ஒரு ஓட்டை கிடைத்ததும் /டெம்ப்பில் எதையோ இறக்கி அப்படியே ஓட்டிப் பார்க்கும் தானியங்கித் தாக்குதல்களில் சிலவற்றை நிறுத்தும். அந்தச் "சில" எவ்வளவு என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. செலவு குறைவு என்பதால் போடுகிறேன்.

செலவு குறைவுதான், இல்லாமல் இல்லை. டெபியன், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் சில மென்பொருள் தொகுப்புகளை நிறுவும்போது முன்கேள்வி கேட்கும் ஸ்கிரிப்டுகள் /டெம்ப்பில் வைத்து ஓட்டப்படும். நோஎக்ஸெக் இருந்தால் அங்கே முனகல் வரும். தொகுப்புகளை இறக்கி நிறுவும் ஏபிடியின் அமைப்பில் அந்தத் தற்காலிக இடத்தை வேறு அடைவுக்கு மாற்றிவிடலாம். /வாருக்கு மட்டும் நோஎக்ஸெக் போட்டுவிடாதீர்கள். தொகுப்புகளின் நிறுவல் ஸ்கிரிப்டுகள் /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோவில் உட்கார்ந்திருக்கின்றன. எந்தத் தொகுப்பையும் புதுப்பிக்க முடியாமல் போகும். நான் ஒருமுறை அதைச் செய்துவிட்டு, குற்றம் இன்டர்நெட் இணைப்பின் மேல் என்று நினைத்து அரை நாளைத் தொலைத்தேன்.

உங்கள் நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தனி /ஹோமுக்கு முன்பு சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று ஹார்டு லிங்க். ஒரு கோப்புக்கு இன்னொரு பெயர் கொடுக்கும் இந்த வசதி ஒரே பார்ட்டிஷனுக்குள்தான் நடக்கும். ஓட்டையுள்ள ஒரு சூயிட் நிரலுக்குத் தன் வீட்டு அடைவில் ஒரு பயனர் இன்னொரு பெயர் கொடுத்துவைத்தால், நீங்கள் அந்த நிரலைப் புதுப்பித்த பிறகும் பழைய பிரதி அவரிடம் பத்திரமாக இருக்கும். தனிப் பார்ட்டிஷன் இதைத் தடுத்தது. 2012-இல் வந்த 3.6 கர்னலில், பிறர் கோப்புக்கு இப்படி லிங்க் போடுவதையே மறுக்கும் தடுப்பு சேர்ந்தது. இன்றைய டெபியனிலும் உபுண்டுவிலும் அது இயல்பாகவே இயங்குகிறது. அந்தக் காரணம் ஏறக்குறையச் செத்துவிட்டது. நிரல்கள் இருக்கும் /யூஎஸ்ஆரைத் தனியே பிரிக்கும் வழக்கமும் அப்படித்தான்; இனி அதை யாரும் செய்ய வேண்டாம். இன்னொன்று, ரூட் அதிகாரம் கைக்கு வந்தவனுக்கு இந்த விதிகள் ஒரு பொருட்டே அல்ல, ஒரே கட்டளையில் ரீமவுண்ட் செய்துவிடுவான். டிஸ்க் செத்தால் ஆறு பார்ட்டிஷனும் சேர்ந்தே சாகும். பார்ட்டிஷன் பேக்கப் ஆகாது.

உங்கள் பட்டியல் சிஐஎஸ் (சென்டர் ஃபார் இன்டர்நெட் செக்யூரிட்டி) அமைப்பின் பாதுகாப்பு வழிகாட்டியான பெஞ்ச்மார்க்கிலிருந்து எடுத்ததுபோல் தெரிகிறது. அப்படியானால் அதையே ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். அதில் இரண்டு நிலைகள் உண்டு. /டெம்ப் தனியாக இருக்க வேண்டும் என்பது முதல் நிலை. /வார், /வார்/டெம்ப், /வார்/லாக், /வார்/லாக்/ஆடிட், /ஹோம் தனியாக இருக்க வேண்டும் என்பது இரண்டாம் நிலை, அதாவது கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் இடங்களுக்கு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிக் கையில் கொடுப்பவர்கள் அதிகம்.

/டெம்ப்புக்கு டிஸ்க்கில் இடமே வேண்டாம். நினைவகத்தில் டெம்ப்எஃப்எஸ்ஸாக வைத்து 2 ஜிபி உச்சவரம்பு கொடுங்கள். 2025-இல் வந்த டெபியன் 13 புதிய நிறுவல்களில் இதை இயல்பாகவே செய்கிறது. மரியாடிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருளை ஓட்டுவதானால் ஒரு எச்சரிக்கை: பெரிய அறிக்கைகளை வரிசைப்படுத்தும்போது அது தற்காலிகக் கோப்புகளை /டெம்ப்பில்தான் போடும். அதன் அமைப்பில் இருக்கும் டெம்ப்டிர் வரியை டேட்டாபேஸுக்கென்று ஒதுக்கிய இடத்திலேயே ஒரு அடைவுக்கு மாற்றிவிடுங்கள்.

இனி அளவு. நேரடிப் பார்ட்டிஷனாகப் பிரிப்பது, அண்ணன் தம்பிகளுக்குப் பத்து சென்ட் மனையைப் பாகம் பிரித்து மதில் கட்டுவது மாதிரி. கட்டிய பிறகு ஒருவருக்கு இடம் போதவில்லை என்றால் அடுத்தவர் மதிலை இடிக்காமல் வழியில்லை. 2000-களின் நடுவில் ஒரு சர்வரில் /வாருக்கு 4 ஜிபியும் /ஹோமுக்கு 60 ஜிபியும் கொடுத்தேன். /ஹோமில் ஈ ஓடியது. /வார் ஓராண்டில் மூச்சு முட்டியது. சரிசெய்ய ஒரு முழு இரவு ஆயிற்று. அதற்குப் பிறகு எல்விஎம் இல்லாமல் நான் பிரித்ததே இல்லை. எல்விஎம்மில் டிஸ்க் முழுவதும் ஒரு பொதுக் குளம்; அதிலிருந்து வேண்டிய அளவு மொண்டு ஒவ்வொரு அடைவுக்கும் கொடுக்கிறீர்கள். குறைந்தால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளைக்கு -ஆர் சேர்த்துக் கொடுத்தால் இடமும் வளரும், அதன் மேல் இருக்கும் கோப்பு முறைமையும் வளரும்.

வளர்ப்பது எளிது, சுருக்குவது கஷ்டம். இஎக்ஸ்டி4 சுருங்கும், ஆனால் அன்மவுண்ட் செய்த பிறகுதான். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை நடைமுறையில் சுருங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே முதல் நாள் எல்லாவற்றையும் குறைவாகக் கொடுத்துவிட்டு, பாதிக்கு மேல் குளத்திலேயே விட்டுவையுங்கள். உபுண்டு சர்வரின் நிறுவல் நிரலே இதைச் செய்கிறது. 500 ஜிபி டிஸ்க்கில் எல்விஎம்மைத் தேர்ந்தெடுத்தால் ரூட் பார்ட்டிஷனுக்கு (நிர்வாகிக் கணக்கு அல்ல; தனியே பிரிக்காத எல்லாம் அமரும் முதன்மை இடம்) 100 ஜிபி மட்டும் கொடுத்து மீதியை ஒதுக்காமல் விட்டுவிடும். டிஸ்க் காணாமல் போய்விட்டது என்று மாதம் ஒருவராவது என்னிடம் வருகிறார்கள்.

கடையில் 500 ஜிபி என்று வாங்கியது லினக்ஸ் கணக்கில் 465 சொச்சம்தான் காட்டும். அதில் சர்வர் எழுவதற்குத் தேவையான இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு 1, /பூட்டுக்கு 1. மீதி முழுவதும் எல்விஎம். உள்ளே ரூட்டுக்கு 30, /வாருக்கு 20, /வார்/லாக்குக்கு 10, ஆடிட்டுக்கு 5, /வார்/டெம்ப்புக்கு 5, /ஹோமுக்கு 20, ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது உதவும் இடம்) 8, டேட்டாபேஸுக்கு 100. மொத்தம் 200, குளத்தில் 265 மிச்சம். இவை தொடக்க எண்கள் மட்டுமே. பரிசோதனை முடிவுகளை எழுத்தாகச் சேமித்தால் 100 ஜிபி பல ஆண்டுகளுக்கு வரும். ஸ்கேன் படங்களையும் அதே இடத்தில் போட்டால் சில மாதங்களில் தீரும். மென்பொருள்களைத் தனித்தனிக் கூடுகளில் ஓட்டும் டாக்கரை ஓட்டுவதாக இருந்தால் /வார்/லிப்/டாக்கரைத் தனியே பிரித்துவிடுங்கள், அதைப்போல் தின்னும் அடைவு வேறில்லை. டிஎஃப் காட்டும் ஜிபி மட்டும் போதாது, -ஐ சேர்த்து ஐநோடு (கோப்பு ஒன்றுக்கு ஒன்று செலவாகும் பதிவு) எண்ணிக்கையையும் பார்த்து வாருங்கள். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேர்ந்தால், இடம் இருக்கும்போதே "இடம் இல்லை" என்ற பிழை வரும்.

பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் இந்தச் சுவர்கள் எதுவும் உதவாது. நோயாளிகளின் விவரம் இருப்பதால் எல்யூகேஎஸ் குறியாக்கம் போடச் சொல்வேன். ஒரே எல்யூகேஎஸ் உறைக்குள் முழு எல்விஎம்மையும் வைத்துவிட்டால் ஸ்வாப் உட்பட எல்லாம் மூடப்படும். இதில் நம்மூர்ச் சிக்கல் ஒன்று உண்டு. சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் யாராவது கடவுச்சொல் தட்ட வேண்டும். 2017 ஒக்கி புயலின்போது இந்த மாவட்டத்தில் மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்கள் நினைவிருக்கும். கரண்ட் வந்த நேரத்தில் ஆள் இருக்கமாட்டார்கள், ஆள் இருந்த நேரத்தில் கரண்ட் இருக்காது. மதர்போர்டில் டிபிஎம் 2.0 சில்லு இருந்தால் சாவியை அதில் பதித்துத் தானாகத் திறக்கச் செய்யலாம். டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு போனவனிடம் அது திறக்காது. பெட்டியோடு போனவனுக்குச் சர்வர் எழும், லாகின் திரையில்தான் நிற்பான். கடவுச்சொல் தட்டுவதைவிட இது ஒரு படி குறைந்த பாதுகாப்பு. காலை எட்டு மணிக்குக் கூடம் திறந்து சாம்பிள் எடுக்கும் இடத்துக்கு எது சரி என்பதை உரிமையாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சுவர் கூடக் கூட, எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வரிகளும் கூடும். அதில் ஒரு எழுத்து பிசகினாலும் சர்வர் முழுதாக எழாமல் அவசர நிலையில் போய் நிற்கும். மாற்றம் செய்த ஒவ்வொரு முறையும் ரீபூட்டுக்கு முன் ஃபைண்ட்மவுண்ட் கட்டளைக்கு --வெரிஃபை சேர்த்து ஓட்டிப் பாருங்கள். இதைவிட மோசமானது, தனி இடம் மவுண்ட் ஆகாமலேயே சர்வர் எழுந்துவிடுவது. அப்போது அதன் அடியில் இருக்கும் வெற்று அடைவில் எழுத்து விழத் தொடங்கும். பேக்கப் டிஸ்க் மாட்டாமலே மூன்று வாரம் "பேக்கப் வெற்றி" என்று செய்தி வந்துகொண்டிருந்த இடத்தைப் பார்த்திருக்கிறேன். அத்தனையும் ரூட் பார்ட்டிஷனிலேயே போய் விழுந்திருந்தது. மவுண்ட் செய்வதற்கு முன் அந்த வெற்று அடைவுக்கு சிஎச்அட்டர் கட்டளையால் +ஐ குறி போட்டுவிடுங்கள். அதன் மேல் மவுண்ட் செய்வதற்குத் தடையில்லை; மவுண்ட் ஆகாத நாளில் ரூட்டால்கூட அங்கே எழுத முடியாது.

எல்லாம் முடிந்து, நோயாளிகளின் விவரம் ஏறுவதற்கு முன், ஒரு மாலையை இதற்காக ஒதுக்குங்கள். ஃபாலோகேட் கட்டளையால் /வார்/லாக்கில் ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, மிச்சம் இல்லாமல் நிரப்புங்கள். பிறகு கூடத்தின் மென்பொருளைத் திறந்து ஒரு பொய் நோயாளியைப் பதிவு செய்து, முடிவை அச்சிட்டுப் பாருங்கள். அச்சு வந்தால் சுவர் சரியான இடத்தில் இருக்கிறது. வரவில்லை என்றால் அந்த மென்பொருள் தன் வேலைக் கோப்புகளை /வார்/லாக்கில் போடுகிறது என்று பொருள். அதைச் செய்து தந்தவரிடம் இடத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். சோதனை முடிந்ததும் அந்தக் கோப்பை அழிக்க மறந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை மறந்திருக்கிறேன்.